ஆள் போன கையோடு

தப்பு என்று பார்த்தால் வேதவல்லி செய்தது ஒன்றே ஒன்றுதான். கணவன் சேகர் பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிய கையோடு துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

நம் வீடுகளில் இப்படி நடக்குமா? ஊருக்குக் கிளம்பினவர் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லும்வரை யாராவது துடைப்பத்தைத் தொடுவார்களா? ஆள் போன கையோடு கூட்டிக் கழுவுவது எந்த வீட்டில் என்று எல்லோருக்கும் தெரியும், அதை வாயால் வேறு சொல்ல வேண்டுமா? வேதவல்லி ஒன்றும் சாஸ்திரம் பார்க்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை நகம் வெட்டுவாள், ராகு காலத்தில் காரை எடுப்பாள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அதைத்தான் அன்றைக்கு மறந்தாள்.

ஸ்டுட்கார்ட் ஸ்டுட்கார்ட்தான், என்ன செய்வது! அவர்கள் குடியிருக்கும் அந்த ஜெர்மன் ஊரில் கட்டடத்துக்குக் கட்டடம் கூட்டும் முறை ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு சின்ன மரப்பலகை. அது யார் வீட்டுக் கதவில் தொங்குகிறதோ அவர்கள் அந்த வாரம் மேல்மாடியிலிருந்து தெருக்கதவு வரைக்கும் படிகளைக் கூட்டித் துடைக்க வேண்டும். முடித்த பிறகு பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். கொலை செய்தவனைக்கூட அங்கே மன்னித்துவிடுவார்கள், கூட்டாமல் பலகையைத் தள்ளிவிட்டவனை மன்னிக்க மாட்டார்கள். சேகர் கிளம்பிய சனிக்கிழமை பலகை மூன்றாம் மாடியில், வேதவல்லியின் கதவில் தொங்கிக்கொண்டிருந்தது.

தரைத்தளத்து ஹேபர்லே அம்மாள் வேறு படியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அவளுக்கு விருந்தாளிகள் வருகிறார்களாம். காலையில் சேகரோடு சண்டை போட்ட சத்தம் அவள் காதில் விழுந்திருக்குமோ என்ற கூச்சத்தில், ஏதாவது செய்கிற மாதிரி இருக்க வேண்டுமே என்று வேதவல்லி துடைப்பத்தோடு இறங்கினாள். சேகர் ஒரு மாடி முன்னால் பெட்டியோடு போகிறான், அவள் அவன் குதிகாலைத் துரத்துவது போலக் கூட்டிக்கொண்டே போகிறாள். கடைசிப் படிக்கு வந்தபோது அவன் இல்லை. தெருக்கதவு திறந்த சத்தமும் இல்லை. சரி, போய்விட்டான் என்று நினைத்துத் தூசியை அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

சேகருக்கு வேலை ரயிலில் சில மணி நேரம் தள்ளியிருக்கும் கார்ஹிங்கில், பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வுக்கூடத்தில். திங்கட்கிழமை போவான், வெள்ளிக்கிழமை வருவான். இரண்டு வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு மட்டும் சனிக்கிழமை கிளம்பினான். பெரிய பெட்டி. அதில் குளிர்கோட்டு, குக்கர், அவனுடைய காபி ஃபில்டர். "கொஞ்ச நாள் தனியா இருந்து பார்க்கலாம் வேதா," என்று சொல்லியிருந்தான். அதில் 'கொஞ்ச நாள்' என்பதை மட்டும் அவள் காதில் வாங்கிக்கொண்டாள். குளிர்காலம், அதனால்தான் பெரிய பெட்டி என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் கார்ஹிங்கிலிருந்து அஷ்வத் கூப்பிட்டான். சேகரோடு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பையன்.

"அக்கா, சேகர் கிளம்பிட்டாரா? அவரு எடுத்த புது ரூம் சாவி என்கிட்டதான் இருக்கு. வாங்க வரவே இல்ல. ட்ரெயின் ஏதும் லேட்டா?"

"என்ன ரூம்?" என்று கேட்டாள் வேதவல்லி.

அஷ்வத் தடுமாறி, சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டான். அவள் உடனே சேகரை அழைத்தாள். மணி காதில் அடித்தது. கதவுக்கு வெளியே மாடிப்படியிலும் அடித்தது.

"சேகர், எங்க இருக்க?"

"படியிலதான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "என்னன்னே புரியல வேதா. காலைலேர்ந்து நடந்துக்கிட்டே இருக்கேன். படி முடியவே மாட்டேங்குது."

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள், கீழிருந்து மேல் வரை பார்த்தாள். பழைய மரப்படிகள், வளைந்து இறங்கும் கைப்பிடி, வேறு ஒன்றுமில்லை. ஆனால் பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் இடிக்கிற டொக், டொக் சத்தம் மட்டும் இரண்டாம் மாடிப் பக்கம் கேட்டது. அவன் போடுகிற சந்தன சோப்பின் வாசனை அடித்தது. "சேகர்! சேகர்!" என்று கத்தினாள். சத்தம் நின்றது, பிறகு மறுபடி தொடங்கியது.

அவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மனசு மாறித் திரும்பி வந்திருக்கிறான். வாசல் தாண்டும் முன்பே மாறியிருக்கும், அவனுக்கு என்னை விட்டுவிட்டு இருக்க முடியுமா? நான்தான் பாவி, கூட்டித் தொலைத்தேன். வந்து சேர முடியாமல் தவிக்கிறான்.

அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது. அட, எந்தப் பெண்தான் அப்படி நினைக்க மாட்டாள்?

போலீசுக்குப் போகலாம் என்றால் என்னவென்று சொல்வது? "என் கணவர் மாடிப்படியில் காணாமல் போய்விட்டார், போன் செய்தால் எடுக்கிறார்" என்றா? இரண்டொரு நாளில் அவன் போனில் சார்ஜ் தீர்ந்தது. அப்புறம் சத்தம் மட்டும்தான். பெரும்பாலும் பொழுது சாய்கிற நேரத்தில் வரும். சில நாள் மத்தியானமே வந்து, அவள் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது வார்த்தை நடுவில் நின்றுவிடும். சில நாள் வராமலே போகும். அந்த நாட்களில்தான் அவள் உயிர் அவளிடம் இருக்காது. கதவில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குக்கரும் போய்விட்டதா, சோறு வடிக்க ஒரு பாத்திரத்தை வைப்பாள், அது தீய்ந்து போகும்.

கூட்டியதுதான் வினை என்றால் கூட்டியதைத் திருப்பிப் போட்டுவிட்டால் போயிற்று. குப்பைத் தொட்டியைத் தேடி ஓடினாள். வண்டி வந்து எடுத்துப் போயிருந்தது. காலித் தொட்டிக்குள் தலையை விட்டு அழுதாள். அப்புறம் புத்தி வேலை செய்தது. வீட்டுக்கு வந்து வேக்குவம் கிளீனரின் பையைக் கழற்றி, உள்ளே இருந்த சாம்பல் நிறப் பொதியைப் பிய்த்து மூன்றாம் மாடிப் படிகளில் விதைப்பது மாதிரித் தூவினாள்.

அன்று சாயங்காலம் காலடிச் சத்தம் அவள் வாசலுக்கு வெகு அருகில் கேட்டது. இரண்டாம் மாடியில் கேட்டுக்கொண்டிருந்தது, இப்போது நாலைந்து படி தள்ளி. முன்பைவிட மெதுவாக, நின்று நின்று. வேதவல்லிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. பலிக்கிறது! தூசி போடப் போட நெருங்கி வருகிறான்!

அதற்குப் பிறகு அவள் வீட்டில் ஒரு தூசியும் வீணாகவில்லை. கட்டிலில் அவன் படுக்கிற பக்கத்து மெத்தையைத் தட்டினாள். அலமாரி மேலிருந்து, ஜன்னல் இடுக்கிலிருந்து, அவனுடைய பழைய செருப்பின் அடியிலிருந்து சுரண்டினாள். அவன் சீப்பில் சிக்கியிருந்த முடியைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் படியில் கொட்டினாள். கடைக்குப் போக வேண்டுமானால் சுவரை ஒட்டி, கள்ளப் பூனை மாதிரி ஓரத்திலேயே இறங்குவாள். மாடிப்படியின் மேல் விளக்கு எரியாமல் போனபோது அதை யாரிடமும் சொல்லவில்லை. இருட்டு அவளுக்கு வசதி.

சாயங்காலம் ஆனால் குளித்து, தலை சீவி, அவனுக்குப் பிடித்த பச்சைப் புடவை கட்டிக்கொண்டு கதவைத் திறந்துவைத்து நிற்பாள். சத்தம் வரும். வாசலுக்கு முன்னால் காற்று கொஞ்சம் சூடாகும். சோப்பு வாசனை கழுத்தருகில் அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு, அவன் கை தன் இடுப்பில் படாதா என்று வெட்கமில்லாமல் ஏங்குவாள். கூட இருந்த காலத்தில் இப்படி ஏங்கியதில்லை. கடைசி ஒரு வருஷம் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள்தான். இப்போது காற்று சூடாவதற்கு உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொள்கிறது. "வா, இன்னும் ரெண்டு படிதான், வந்துடு," என்று கெஞ்சுவாள். சத்தம் நகர்ந்து தேய்ந்துவிடும்.

ஊரிலிருந்து மாமியார் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தார்.

"ஏம்மா வேதா, சேகர் எங்க? எத்தனை தடவ போட்டாலும் போன எடுக்கவே மாட்டேங்கறானே!"

"வந்துக்கிட்டே இருக்காரு அத்தை. இப்பதான் படியேறிக்கிட்டு இருக்காரு."

"அப்ப இருக்கேன், வரட்டும்," என்றார் மாமியார். பாவம், நல்ல மனுஷி. அரைமணி நேரம் காய்கறி நறுக்கிக்கொண்டே காத்திருந்தார். வேதவல்லி சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லி அணைத்தாள்.

இதற்கிடையில் பலகை இருக்கிறதே, அதை அவள் யார் கதவிலும் மாட்டவில்லை. கூட்டுகிற முறை வேறு வீட்டுக்குப் போய்விட்டால் மோசம் அல்லவா! சமையலறையில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். இரண்டாம் மாடியில் மராமத்து, ஆளில்லை. முதல் மாடிக் கிழத் தம்பதி குளிருக்குப் பயந்து ஸ்பெயினுக்குப் போயாயிற்று. மிச்சம் ஹேபர்லே அம்மாள்தான். பலகை கைக்கு வராமல் அவள் கூட்ட மாட்டாள். சட்டம் சட்டம்தானே.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? வந்து கதவைத் தட்டினாள். வேதவல்லிக்குப் புரிய வேண்டுமே என்று ஜெர்மனை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். ஒன்று, படிகள் மாட்டுத்தொழுவம் மாதிரி இருக்கின்றன. இரண்டு, யாரும் சத்தம் போடக் கூடாத ஓய்வு நேரத்தில் உன் கணவர் படியில் பெட்டியை உருட்டுகிறார், தூக்கிக்கொண்டு நடக்கச் சொல்.

வேதவல்லிக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. "உங்களுக்கும் கேட்குதா?" என்றாள்.

"எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது," என்று சொல்லிவிட்டுப் போனவள், கட்டட நிர்வாகத்துக்குப் புகார் கொடுத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை துப்புரவுக்கு ஆள் வரும், செலவு உங்கள் தலையில் என்று பதில் வந்தது. அந்த வாரம் முழுக்க வேதவல்லி தூங்கவில்லை. ஒரே ஒரு வாரம். அதற்குள் அவன் வந்து சேர்ந்துவிட வேண்டும். இருந்த தலையணையை எல்லாம் கிழித்துக் கொட்டினாள்.

சனிக்கிழமை மதியம் தாண்டி ஆள் வந்தான். வாளி, மாப்பு, நீளக்கட்டைத் துடைப்பம், கையில் ஒரு பெரிய டார்ச். நரை விழுந்த தாடி. மேல்மாடிப் படியில் பச்சைப் புடவையோடு கையை விரித்துக்கொண்டு ஒரு பெண் வழிமறித்து நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

"ஆமா. நீங்க கூட்டக் கூடாது. தயவு செஞ்சு போயிடுங்கண்ணா."

"ஐயோ, கூட்டாமல் போக ஏலாது அக்கா. என்ரை பேர் பிருந்தன். முந்தி எசன் எண்ட ஊரிலை இருந்தனான், இஞ்ச வந்து இப்பத்தான் இந்த வேலை கிடைச்சது. கூட்டாட்டி அவங்கள் என்னை நிப்பாட்டிப்போடுவாங்கள்."

வேதவல்லிக்கு வேறு வழி இல்லை. முதன்முதலாக ஒரு மனிதரிடம் முழுக்கச் சொன்னாள். கிளம்பிய கையோடு கூட்டியதை, சத்தத்தை, தூசியை, நெருங்கி நெருங்கி வருவதை. சொல்லச் சொல்ல, தான் பேசுவது பைத்தியக்காரி பேச்சு மாதிரி அவளுக்கே கேட்டது. பிருந்தன் சிரிக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"ஆள் வெளிக்கிட்ட கையோடை கூட்டக் கூடாதுதான். எங்கட அம்மாவும் சொல்லுறவ," என்றான். "என்ரை அண்ணையை ஊரிலை சண்டை முடியிற நேரம் ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அண்டையிலை இருந்து அம்மா முற்றம் கூட்டேல்லை. இண்டைவரைக்கும் இல்லை. சருகு முழங்கால் மட்டும் கிடக்கு. பாம்பு வரும் அம்மா எண்டு சொன்னாலும் கேக்க மாட்டா. ஒவ்வொரு நாளும் அண்ணை கேற்றடி வரைக்கும் வந்துபோறாராம். சத்தம் கேக்குதாம்."

"வந்துட்டாரா?" என்றாள் வேதவல்லி. அந்தக் கேள்வி எவ்வளவு மடத்தனமானது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

"இல்லை அக்கா." வாளிப் பிடியை நிமிர்த்திவைத்தான். "ஆனா அண்ணைக்கு வரத்தான் ஆசை. அது எங்களுக்கு வடிவாத் தெரியும். கொண்டுபோகேக்குள்ளையும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டுதான் போனவர். அதாலை அம்மாவைக் கூட்டச் சொல்ல எனக்கு வாய் வராது." தலையை நிமிர்த்தி, கள்ளம் கபடம் இல்லாமல் கேட்டான்: "உங்கட ஆளுக்கும் வர விருப்பமோ?"

வேதவல்லிக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "என்ன கேள்வி இது? வர விருப்பம் இல்லாமத்தான் இத்தனை நாளா படியேறிக்கிட்டு இருக்காரா? வந்து பாருங்க, காட்டறேன்!" அவன் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிப் படிகளின் மேல் அடித்தாள்.

வெளிச்சம் தூசியின் மேல் படிந்து ஓடியது. படிகளின் நடுவில் ஷூ அடையாளங்கள். ஒன்றல்ல, நூறு. பக்கத்தில் பெட்டிச் சக்கரத்தின் இரட்டைக் கோடு. "பாருங்க! பாருங்க! சேகர் ஷூதான்! வலது குதி தேஞ்சிருக்கும், பாருங்க!" என்று சின்னப் பிள்ளை மாதிரிக் குதித்தாள். குனிந்து ஓர் அடையாளத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள். அகலமான முன்பாதம், தேய்ந்த குதி. முன்பாதம் தெருப் பக்கம் பார்த்திருந்தது.

அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் அப்படியே. மேலே, தன் வாசல் வரை டார்ச்சை ஓட்டினாள். எல்லாம் அவள் வாசல் மிதியடியில் தொடங்கிக் கீழ் நோக்கி இறங்கின. எட்டுப் பத்துப் படி தாண்டியதும் தூசி கனத்த இடத்தில் புதைந்து, இழுபட்டு, மறைந்தன. ஏறி வந்த ஒரே ஒரு சுவடுகூட இல்லை. அவள் தேடினாள். முழங்காலிட்டு, மூக்கு தூசியில் படும்படித் தேடினாள். ஒன்றாவது இருக்காதா, பாதி அடையாளமாவது இருக்காதா என்று ஒவ்வொரு படியாகத் துழாவினாள்.

பிருந்தன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நவம்பர் அல்லவா, அதற்குள் ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. அவள் வாசலிலிருந்து சத்தம் தொடங்கியது. சோப்பு வாசனை அவள் தோளைக் கடந்து போனது. ஒரு படி, இரண்டு படி, டொக், டொக். தூசிக்குள் வந்ததும் சேற்றில் மாடு மாதிரிக் காலடி தவித்தது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. இத்தனை நாளும் அந்த மூச்சைத்தான் அவள் தன்னிடம் வருகிற ஆசை என்று நினைத்து, புடவை கட்டிக்கொண்டு கேட்டிருந்தாள். போக முடியாமல் திணறுகிறவனுக்கு மேலும் மேலும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறாள்.

இப்படியே விட்டுவிடலாம். அதுவும் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தினமும் சாயங்காலம் அந்த வாசனை வரும், காற்று சூடாகும். சாகிறவரைக்கும் வரும். அந்த ஆசை அவளைக் கழுத்தைப் பிடித்து உலுக்கியது. "கொஞ்ச நாள்... கொஞ்ச நாள்தானே," என்று வாய்விட்டே சொன்னாள். கீழே இருமல் சத்தம் கேட்டது. சேகருக்குச் சின்ன வயசிலிருந்து தூசி ஆகாது.

அவள் எழுந்தாள். பிருந்தன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்தாள்.

"நான் செய்யிறன், விடுங்கோ அக்கா."

"இல்லண்ணா. இது என் முறை."

மேல் படியிலிருந்து தொடங்கினாள். அள்ளித் தள்ளத் தள்ள முன்னால் காலடிச் சத்தம் இலேசாயிற்று. இரண்டாம் மாடி, முதல் மாடி. இடையிடையே கண்ணீரைப் புறங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் சாம்பல் ஆயிற்று. அவன் எங்காவது நின்று திரும்பிப் பார்ப்பானோ என்று ஒவ்வொரு வளைவிலும் துடைப்பத்தை நிறுத்தினாள். சத்தம் நிற்கவில்லை, நடையில் வேகம்தான் கூடியது. கடைசியில் தெருக்கதவுக்கு முன்னால் வந்து நின்றது. கனமான கதவு அது. பெட்டியோடு வருகிறவனால் ஒற்றைக் கையில் திறக்க முடியாது. வேதவல்லி அவனைத் தாண்டிப் போய்த் தோளைக் கொடுத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். குளிர்காற்று உள்ளே பாய்ந்தது.

போய்விட்டு வா என்றுதான் நம் வாயில் வரும். அவள் வாயிலும் அதுதான் வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"போ சேகர்," என்றாள்.

அவள் கையருகில் காற்று ஒருமுறை சூடாகி ஆறியது. பெட்டிச் சக்கரம் தெருக்கல்லில் கடகடவென்று உருண்டு ரயில் நிலையத்துப் பக்கம் போயிற்று. முனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் கதவைச் சாத்திவிட்டு, வாசலில் குவிந்திருந்த தூசியை முறத்தில் அள்ளினாள்.

ஹேபர்லே அம்மாள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். மேலிருந்து கீழ் வரை படிகளைப் பார்த்தாள், விரலால் ஒரு படியைத் தடவிப் பார்த்தாள். இந்தக் கட்டடத்தில் இவ்வளவு சுத்தமாக யாரும் கூட்டி, தான் பார்த்ததில்லை என்றாள்.

"டாங்கே," என்று ஜெர்மனில் நன்றி சொன்னாள் வேதவல்லி.